வலது கையில் மட்டும் வந்த படர்தாமரை

போன மாதம் வெள்ளவத்தை மிருக வைத்தியக் கிளினிக்கில் இப்போது இருக்கிற இளம் டொக்டர் பிள்ளை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பழைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கைப்பிடி வைத்த விளக்கு ஒன்று கிடைத்ததாம்.

"அங்கிள், அதின்ர பிடியில ஒரு அட்டை கட்டிக் கிடக்கு. 'முதலில் கையைக் கழுவு, பிறகு மயிரைப் பார்' எண்டு எழுதியிருக்கு. இது ஆற்ற வேலை?"

"என்ர வேலைதான் பிள்ளை," என்றேன்.

"ஏன் எழுதினனீங்கள்?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை. எனக்கு எண்பது வயது. கேட்கிறவள் நடுவில் சிரித்தால் நானும் சிரிப்பேன், மிச்சம் மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். இப்போதெல்லாம் பூனைக்கு மயிர் கொட்டினால் நாலு மயிரைக் குப்பியில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்களாம், பதில் கைப்பேசிக்கு வருமாம். நல்லது. ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் என்னைவிட அடக்கமானவர்களாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அந்தக் கிளினிக்கில் நான் முப்பத்தாறு வருடம் டிஸ்பென்சராக இருந்தேன். மருந்து கலப்பது, விலங்கைப் பிடிப்பது, காயம் கட்டுவது, கடி வாங்குவது எல்லாம் அந்த ஒரு பதவிக்குள் அடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய முதல் நாள் டொக்டர் இராஜநாயகம் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாடு பிடிப்பீரோ?" ஓம் என்றேன். "அதை மறந்துவிடும். பூனை மாடில்லை," என்றார். அந்த உண்மையைக் கைகளால் உணர ஆறு மாதம் எடுத்தது. பழைய கீறல்கள் இரண்டு இன்னும் முழங்கையில் இருக்கின்றன. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

டொக்டர் உயரமானவர், மெலிந்தவர். கொழும்பு வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். மனிதர்களை "நீர்" என்பார். பூனைகளை "நீங்கள்" என்பார். "வாங்கோ மேடம், இருங்கோ," என்று பூனையை மேசையில் வைத்துவிட்டு, அதைக் கொண்டுவந்த சீமாட்டியிடம், "நீர் அங்கால நில்லும்," என்பார். கிளினிக் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிரும், மேசையில் இருக்கும் பூனை என் தோளுக்குத் தாவும். டொக்டர் ரயில் போய் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். அவர் பொறுமை இழந்து நான் பார்த்ததில்லை. என் பொறுமையை அவர் சோதித்தது வேறு கதை.

மயிர் கொட்டும் பூனை வந்தால் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பூனையை மோந்து பார்ப்பார். வெறும் மூக்கால்தான். மண்ணெண்ணெய் மணம் வந்தால் வீட்டுக்காரருக்கு அரை மணித்தியாலம் அர்ச்சனை நடக்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் பூனையின் எந்தச் சொறிக்கும் சனம் மண்ணெண்ணெய்தான் பூசினார்கள். இரண்டாவது, வெள்ளைக் கடதாசியை நனைத்து விரித்து, பூனையை அதன்மேல் நிறுத்தி நெருக்கமான சீப்பால் வாருவார். கறுப்புத் தூள் விழும். அது மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்றால் ஈரம் பட்டதும் செம்மண் நிறமாகக் கரையும், ஏனென்றால் அது பூனை கொடுத்த இரத்தம். மூன்றாவது, நாலு மயிரைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்பார்.

"மிஸ்டர் பொன்னுத்துரை, இது உதிர்ந்ததோ, அறுந்ததோ?"

கேள்வி முழுவதும் அதற்குள் இருந்தது. தானாக உதிர்ந்த மயிரின் நுனி ஊசிபோலக் கூராக இருக்கும். அறுந்த மயிரின் நுனி தும்பாகி நிற்கும். அறுந்தது என்றால் பூனை தானே நக்கி நக்கி அறுத்திருக்கிறது. நக்குகிற பூனைக்கு ஒன்றில் கடி, இல்லாவிட்டால் கவலை.

கவலை என்றதும் சிரிக்க வேண்டாம். பக்கத்தில் பாமன்கடை என்ற இடத்தில் ஒருவர் இருந்தார். அரசாங்கத்தில் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். வயிறு மொட்டையான ஒரு சாம்பல் பூனையைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே கட்டுக் கயிறு போட்ட கோப்பு ஒன்றும் வந்தது. மயிர் எந்தப் பக்கம், எந்தக் கிழமை, எத்தனை விரற்கடை போனதென்று அதில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கையொப்பம் வைத்திருந்தார்.

"நக்கி அறுத்திருக்கு," என்றார் டொக்டர்.

"நக்கினதை நான் ஒருநாளும் காணேல்லை. காலமையில இருந்து பொழுதுபடும்வரைக்கும் நான் இவளைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"எப்ப பென்சன் எடுத்தனீர்?"

"சித்திரையில."

"மயிர் எப்ப போகத் தொடங்கினது?"

அவர் கோப்பைப் புரட்டினார். "வைகாசி முதலாம் கிழமை," என்று வாசித்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

அவருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. காலை எட்டரைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும், பின்னேரம் நாலரைக்கு முன் திரும்பக் கூடாது, ஞாயிறு விடுமுறை. மனிதர் இலிகிதர் அல்லவா, எழுத்தில் வந்த உத்தரவைத் தட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தினமும் நூலகத்துக்கும் கடற்கரைக்கும் போய்வந்தார். இரண்டு மாதத்தில் பூனைக்கு வயிறு நிறைய மயிர். அவருடைய மனைவி ஒரு குலை கதலி வாழைப்பழம் அனுப்பிவைத்தார். பூனையைவிட அந்த அம்மாவுக்குத்தான் அதிகம் சுகம் கிடைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்படி மூக்கும் சீப்பும் கண்ணும் வைத்து ஓடிக்கொண்டிருந்த கிளினிக்குக்கு அந்த விளக்கு வந்தது. டொக்டரின் மைத்துனர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஊதா விளக்கு. அறையை இருட்டாக்கிப் பூனைமேல் பிடித்தால், படர்தாமரை இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். படர்தாமரை லேசான நோயில்லை. பூனையிலிருந்து மனிதருக்குத் தொற்றும், மனிதரிலிருந்து பாய் தலையணைக்குத் தொற்றும், ஒரு வீட்டை மாதக்கணக்கில் சொறியவைக்கும். அதைக் கண்ணுக்கு முன்னால் ஒளிரவைக்கும் விளக்கென்றால் எனக்கு அது தெய்வீகமாகத் தெரிந்தது. டொக்டருக்கு அப்படித் தெரியவில்லை.

"இது சுட்டிக்காட்டுமே தவிர முடிவு சொல்லாது. நான் இல்லாத நேரம் தொடாதையும்," என்றார்.

அடுத்த மாதமே அவர் தங்கையின் மகள் திருமணத்துக்கென்று கண்டிக்குப் போனார். மூன்று நாள். அவர் போன அன்று காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி வந்தது. நடராஜபிள்ளை முதலாளி வீடு. புறக்கோட்டையில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கள், பூர்வீகம் இந்தியா. மகள் மீனாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். மகளின் பூனைக்கு மயிர் கொட்டுகிறது. பூனையும் மகளோடு வெள்ளவத்தைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் பூனையை ஒத்துக்கொண்டார்கள், சொறிபிடித்த பூனையை ஒத்துக்கொள்வார்களா? உடனே வந்து பார்க்கச் சொன்னார்கள்.

டொக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானே வருகிறேன் என்றேன். போகும்போது விளக்கையும் எடுத்துக்கொண்டேன். அறப்படித்தவன் கூழ்ப்பானைக்குள் விழுந்தான் என்பார்கள். நான் அறப்படிக்கவும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். மடியில் பெட்டியைப் பார்த்த கொண்டக்டர், "மொனவாத மஹத்தயா பெட்டியே?" என்று பெட்டிக்குள் என்னவெனச் சிங்களத்தில் கேட்டார். "லைட் எகக்," என்றேன். அவர் என்னை ஒருமுறை, பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட் கிழித்தார். அந்த விளக்குக்குக் கொடுத்த முதல் மரியாதை அது.

முதலாளி வீட்டில் என்னை டொக்டர் என்றே கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. பூனை நல்ல செம்பழுப்பு நிறம், கொழுத்த கடுவன், பெயர் வெல்லம். வாலடியிலும் தொடையிலும் வயிற்றிலும் மயிர் போய்த் திட்டுத் திட்டாக இருந்தது. நான் மோந்து பார்க்கவில்லை. சீப்பால் வாரவில்லை. ஒரு மயிரைக்கூடப் பிடுங்கவில்லை. "சன்னலெல்லாம் மூடுங்கோ," என்றேன்.

சன்னலை மூடி, போர்வைகளைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினார்கள். விளக்கைப் போட்டேன். திட்டு ஒவ்வொன்றும் மஞ்சள் கலந்த பச்சையில் பளபளவென்று ஒளிர்ந்தது. பக்கத்தில் பூனையைப் பிடித்திருந்த மீனாவின் கைகளைப் பார்த்தேன், ஒளிர்ந்தன. முகத்தில் பிடித்தேன், கன்னம் இரண்டும் ஒளிர்ந்தன. அவளுடைய அம்மா, "என்னங்க, என்னங்க ஆச்சு," என்று கிட்ட வந்தார். நெற்றியிலிருந்து கழுத்துவரை பச்சை. பாதம் பச்சை. சமையற்காரியின் இரண்டு கையும் முழங்கைவரை பச்சை. வாசலில் நின்ற முதலாளியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவருக்கு வலது கை விரல்களில் மட்டும்.

"படர்தாமரை," என்றேன். "வீடு முழுக்கப் பரவியிட்டுது."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள்தாங்க இருக்கு. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாவுறது? மொதல்ல இந்தச் சனியனைக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டுல விட்டுட்டு வாங்க."

"வெல்லத்தை விட்டா நான் மணவறையில உக்கார மாட்டேன்," என்றாள் மீனா. அழவில்லை. சொன்ன விதத்தில் அது வெறும் மிரட்டல் இல்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

முதலாளி மட்டும் கலங்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்ப, பூனை வெள்ளவத்தைக்குப் போகக் கூடாதுங்களா?" என்று கேட்டார்.

"ஆறு கிழமைக்கு, ஒண்டரை மாதத்துக்கு அசைக்கவே கூடாது."

"சரிங்க," என்றார். எவ்வளவு திடமான மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் கோபத்துக்குத் தடையாக, பெரிய டொக்டர் வரும்வரை பூனையை எங்கும் கொண்டுபோய் விடக் கூடாது, எல்லோரும் களிம்பு பூச வேண்டும், துணிகளை அவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டு வந்தேன். கிளினிக்குக்கு வந்ததும் ஒரு சந்தேகம். விளக்கைப் போட்டு என் கைகளைப் பார்த்தேன். இடது கை இருட்டாகக் கிடந்தது. வலது கையின் ஐந்து விரல்களும் ஒளிர்ந்தன.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு ஒளிர்ந்ததும் பேயானது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்னைத் தொடாதே என்றேன், பாயைத் தனியாகப் போட்டேன். வலது கை முழுக்கக் களிம்பைப் பூசித் துணியால் சுற்றினேன். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூனையின்ர வருத்தம் வந்தா இனிப் பாலும் மீனும் தரட்டோ, இல்லை வழமைபோலச் சோறுதானோ?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன், விரல்களில் ஒளி குறைந்திருந்தது. களிம்பு வேலை செய்கிறதென்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்று டொக்டர் திரும்பி வந்தார். நான் எழுதி வைத்திருந்த குறிப்பை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி வாசித்தார்.

"உமக்கு வலது கையில மட்டுமோ?"

"ஓம் டொக்டர்."

"பூனையை எந்தக் கையால பிடிச்சனீர்?"

"ரெண்டு கையாலும்."

ரயில் ஒன்று போனது. அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"கொட்டாஞ்சேனைக்குப் போன அண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?"

"சோறும் பருப்பும், சூடைமீன் சொதியும்."

"கரண்டியாலோ?"

"இல்லை டொக்டர், கையால."

அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய், ஒரு கடதாசித் துண்டில் எதையோ வாங்கிவந்தார். மேசையில் வைத்து அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டார். கடதாசி மஞ்சள் பச்சையில் பளபளவென்று ஒளிர்ந்தது. விளக்கை அணைத்துச் சன்னலைத் திறந்தார். கடதாசியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் இருந்தது.

"கடதாசிக்கும் படர்தாமரை," என்றார்.

எனக்குத் தலைமயிரிலிருந்து கால்விரல்வரை வெட்கம். முதலாளி வீட்டுப் பெண்கள் மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் என்பது கொழும்பில் தெரியாதவர் யார்? கல்யாண வீடு வேறு, பெண்ணுக்குத் தினமும் இரண்டு தடவை பூசியிருப்பார்கள். சமையற்காரியின் கை கறிக்குள் கிடக்கிற கை. முதலாளியின் வலது கையும் என் வலது கையும் சோறு பிசைந்த கைகள். பூனையின் புண்ணுக்கும் அம்மா மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார். செம்பழுப்புப் பூனையில் மஞ்சள் எங்கே தெரியும்? மோந்து பார்த்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

"படர்தாமரையெண்டால் மயிர்தான் ஒளிரும், தண்டு தண்டாக. தோல் ஒளிர்ந்தா அது பூச்சு. நீர் தோலைப் பாத்தனீர்," என்றார் டொக்டர். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "காரில ஏறும்," என்றார்.

கொட்டாஞ்சேனையில் வீடு மருந்து மணத்தது. கொடியில் பட்டுச் சேலைகூட அவித்துக் காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் திரும்பிக் காருக்குள் போய் இருந்துவிடலாம் போலிருந்தது. டொக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, "படர்தாமரை இல்லை. எங்கட பிழை," என்றார். என் பிழை என்று அவர் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த 'எங்கட' என்ற ஒரு சொல்லுக்காகவே அவரோடு முப்பத்தாறு வருடம் இருந்தேன் என்றும் சொல்லலாம்.

பிறகு அவருடைய ஒழுங்கு தொடங்கியது. "வாங்கோ சேர்," என்று வெல்லத்தைத் தூக்கி மோந்தார். நனைத்த கடதாசியில் நிறுத்தி வாரினார். கறுப்புத் தூள் விழுந்து செம்மண்ணாகக் கரைந்தது.

"தெள்ளு," என்றார்.

அம்மா சிலிர்த்துக்கொண்டார். படர்தாமரைக்குக்கூட அவருக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. "எங்க வீட்டுலயா? தினம் ரெண்டு வேளை கழுவி விடுற வீடுங்க இது. பூனை பின்கட்டைத் தாண்டி உள்ளயே வராது. அவரு விடவே மாட்டாரு," என்று கணவரைக் காட்டினார்.

டொக்டர் மயிரை என்னிடம் நீட்டினார். நான் கொண்டுபோயிருந்த நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். "அறுந்தது," என்றேன், மெதுவாக. அவர் தலையாட்டிவிட்டு முதலாளியிடம் திரும்பினார்.

"வேட்டியைக் கொஞ்சம் உயத்துமன்."

"எதுக்குங்க?"

"கால் பாக்க."

முதலாளியின் கணுக்காலைச் சுற்றி, இரண்டு காலிலும், சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள். மூன்று மூன்றாக வரிசையில் இருந்தன.

"இது கரப்பான்னு நெனச்சு எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கேங்க," என்றார் முதலாளி, வேட்டியை இறக்கிவிட்டு.

"தெள்ளுக்கடி. பூனை உங்கட காலடியிலதான் படுக்குது," என்றார் டொக்டர். முதலாளியை அவர் 'நீங்கள்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மீனா அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, வெல்லம் உங்க ரூம்லயா படுக்குது?"

"நான் ரேடியோ கேக்குறப்ப அதுவா வருது. வந்தா நான் என்ன பண்ண முடியும்?"

"உள்ள வந்தா காலை ஒடிச்சிருவேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்," என்றார் முதலாளி.

அவருடைய அறையில் சாய்வு நாற்காலியின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். தெள்ளின் குடித்தொகை அங்கேதான் இருந்தது. மெத்தை உறையை அவித்து, பஞ்சை வெயிலில் போட்டு, பூனையைத் தினமும் வாரிச் சீப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்க வேண்டும் என்றும், மூன்று கிழமையில் மயிர் முளைக்கும், பிறகு பூனை வெள்ளவத்தைக்குப் போகலாம் என்றும் டொக்டர் சொன்னார். மீனா பூனையை முகத்தோடு அணைத்துக்கொண்டாள். அம்மாவும் ஒருவாறு சமாதானமானார். தெள்ளுக் கதை சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது என்று மட்டும் எங்களிடம் சத்தியம் வாங்கினார்.

காருக்கு விளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். முதலாளி என்னோடு வந்தார். வாசற் படலையடியில் நின்று, "தம்பி, அந்த விளக்கை இன்னொரு தடவை போட்டுப் பாக்க முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"தேவையில்லை ஐயா. படர்தாமரை இல்லையெண்டு நிச்சயம்."

"அது தெரியுதுங்க." அவர் தெருவைப் பார்த்தார். "மறுபடியும் இருக்குன்னு வந்தா, பூனை இங்கயே இருந்துருமில்ல? பொண்ணும் போவுது. இதுவும் போச்சுன்னா சாயங்காலத்துல அந்த ரூம்ல நானும் ரேடியோவும்தான்."

"மகளைப் போய்ப் பாக்கலாம்தானே, ஐயா? வெள்ளவத்தை பக்கத்திலதானே."

"எங்கள்ல அப்படிப் பழக்கம் இல்லைங்க. பொண்ணு குடுத்த வீட்டுல போய் உக்காந்துக்கிட்டு இருக்கக் கூடாது. தீபாவளி, பொங்கல்னு வாசல்ல சீர் வரிசையை வச்சிட்டு வந்துரணும்."

அன்றைக்குத்தான் 'சரிங்க' என்று அவர் சொன்னது எதற்கென்று எனக்கு விளங்கியது. திடமும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் விளக்கைப் போடவில்லை. ஒரு பொய்ப் பச்சை போதும் என்று பட்டது. கிளினிக்குக்கு வந்ததும் டொக்டர் ஓர் அட்டையைத் தந்து அந்த வாசகத்தை என் கையாலேயே எழுதச் சொன்னார். தண்டனை அவ்வளவுதான்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. நாலாம் கிழமை வெல்லமும் வெள்ளவத்தைக்கு வந்தது. இன்னும் ஒரு மாதம் போயிருக்கும், மீனா பூனையைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். கைக்குட்டைக்குள் ஒரு பிடி மயிரையும் பொதிந்து வந்தாள்.

"மறுபடியும் முடி கொட்டுதுங்க டாக்டர்."

டொக்டர் மோந்தார், வாரினார். கடதாசி வெள்ளையாகவே இருந்தது. மயிரைப் பிடுங்கி நுணுக்குக்காட்டியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். இந்த முறை என்னிடம் கேள்வி கேட்கவில்லை.

"அப்பா இந்தப் பக்கம் வாறவரோ?" என்று மீனாவிடம் கேட்டார்.

"ஒரே தடவை வந்தாருங்க. வாசல்லயே நின்னாரு. உள்ள வாங்கன்னா, வேலை இருக்குன்னு தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாரு." அவள் கைக்குட்டையை மடித்தாள். "சாயங்காலம் ஆனா வெல்லம் போய் வாசல்ல உக்காந்துக்குதுங்க."

"நீர்?"

"நானுந்தாங்க."

டொக்டர் பேனாவை எடுத்து மருந்துச் சீட்டு எழுதினார். நான்தான் அதை மடித்துக் கொடுத்தேன், அதனால் வரிக்கு வரி தெரியும். நோயாளி: வெல்லம். மருந்து: நடராஜபிள்ளை முதலாளி. அளவு: கிழமைக்கு மூன்று முறை, பின்னேரத்தில், ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல். நாற்காலியில் அமர்ந்திருத்தல் அவசியம், வாசலில் நின்றால் பலன் இல்லை. தேநீருடன் கொடுக்கலாம். கீழே கையொப்பமும் கிளினிக்கின் முத்திரையும்.

"அப்பாவிட்ட கடையில கொண்டுபோய்க் குடும்," என்றார். "டொக்டரின்ர உத்தரவு எண்டு சொல்லும்."

அவள் போனபின் கண்ணாடித் துண்டைக் கழுவ எடுத்தேன். கழுவுமுன் ஒருமுறை பார்த்தேன். மயிரின் நுனிகள் ஊசிபோலக் கூராக இருந்தன. ஒன்றுகூட அறுந்ததில்லை. பூனைக்கு ஒரு வருத்தமும் இல்லை, காலத்துக்குக் கொட்டுகிற மயிர்தான் கொட்டியிருக்கிறது.

"டொக்டர்," என்றேன், "இது அறுந்தது இல்லையே."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கையைக் கழுவினீரோ, மிஸ்டர் பொன்னுத்துரை?"

"ஓம் டொக்டர்."

"அப்ப அடுத்த ஆளைக் கூப்பிடும்."

முதலாளி அந்த உத்தரவைத் தட்டவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று பின்னேரங்களில் அவருடைய கார் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போகும். பெண் கொடுத்த வீட்டில் என்ன அடிக்கடி என்று கேட்பவர்களுக்குச் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டுவாராம். "நமக்கு வேற வேலை இல்லையா? டாக்டர் எழுதிட்டாரு, பூனைக்காகப் போறேன்," என்பாராம். சம்பந்தி வீட்டார் அவருக்கென்று முன்கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியே வாங்கிப் போட்டார்கள்.

வெல்லம் பன்னிரண்டு வயதுவரை இருந்தது. அது செத்து ஒரு கிழமைக்குப் பிறகு முதலாளி கிளினிக்குக்கு வந்தார். கூடையும் இல்லை, பூனையும் இல்லை. தலை நன்றாக நரைத்திருந்தது. அன்று டொக்டர் கண்டிக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். முதலாளி சட்டைப் பையிலிருந்து மடிப்பில் கிழிந்து ஒட்டிய அந்தச் சீட்டை எடுத்து மேசையில் விரித்தார்.

"பூனை போயிருச்சு தம்பி," என்றார். "இந்தச் சீட்டு இனிச் செல்லுங்களா?"

டொக்டர் இல்லாத நேரம் ஒன்றையும் தொடக் கூடாது என்பது எனக்குச் சட்டம். அந்தச் சட்டத்தை மீறிய ஒரு தடவை என்ன நடந்ததென்று மேலே எழுதியிருக்கிறேன். நான் குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தேன். பிறகு வந்து, வெல்லத்தின் பெயருக்குக் கீழே 'மருந்தைத் தொடரவும்' என்று எழுதி, முத்திரையை எடுத்து அழுத்திக் குத்திக் கொடுத்தேன்.